இறால் பண்ணைக்கு ‘நிலையான வளர்ப்பு’ சான்று எப்படிக் கிடைக்கிறது? எதையெல்லாம் சோதிக்கிறார்கள்?

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இறால் வாங்கப் போனால், பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இது கடல் இறாலா, வளர்ப்பா?” வளர்ப்புன்னு பதில் வந்தால் அடுத்த கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை. எந்தக் குளம்? அந்தக் குளத்துத் தண்ணீர் எங்கே போகிறது? இதைச் சோதித்துச் சொல்லும் ஏற்பாடுதான் பண்ணைத் தரச்சான்று.

விதிகளை எழுதும், ஆராயும் அலுவலகங்கள் குப்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அடையாறு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், சாந்தோம் நெடுஞ்சாலையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா). கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் தலைமையகமும் சென்னையில்தான்.

இந்த விதிகள் ஏன் வந்தன?

தொடக்கம் நாகப்பட்டினம். 1990-களில் அங்கே வயல்களுக்கு நடுவே இறால் குளங்கள் பெருகின. குளத்தில் தேக்கிய உப்புநீர் கசிந்து கிணறும் வயலும் கெட்டன என்று கிராமங்கள் கொதித்தன. காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், பாரம்பரிய முறை தவிர்த்த இறால் குளங்களை இடிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும்.

ஆனா, எல்லாக் குளங்களும் இடிக்கப்படவில்லை. 2005-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் கொண்டுவந்து, பதிவு செய்து நடத்தலாம் என்று வழி திறந்தது. கிணறு கெட்ட ஊர்க்காரர்கள் கேட்டது இதுவல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டப்படி என்ன பார்க்கிறார்கள்?

பதிவு கட்டாயம். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2005 சட்டப்படி உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணை கூடாது. வழிகாட்டு நெறிகளில் இன்னும் விவரம் உண்டு: குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர், 500 பேருக்கு மேல் வாழும் ஊரிலிருந்து 300 மீட்டர் இடைவெளி. 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்புக் குளம். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தடை. வனாமி வளர்க்கத் தனி அனுமதி.

மாசு செய்யும் பண்ணையை அகற்றவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. விதிமீறலுக்கு முன்பு சிறைத்தண்டனை இருந்தது; 2023 திருத்தம் அதை எடுத்துவிட்டு அபராதமாக மாற்றியது.

சர்வதேசச் சான்று என்பது வேறா?

ஆமாம். அரசுப் பதிவு குறைந்தபட்சத் தகுதி. ஏ.எஸ்.சி, பி.ஏ.பி போன்ற முத்திரைகள் தனியார் அமைப்புகள் வகுத்த தரங்கள். அமெரிக்க, ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகள் கேட்பதால் பண்ணைகள் விரும்பி எடுப்பவை.

ஏ.எஸ்.சி சான்றுக்கு வெளி நிறுவனத்தின் தணிக்கையாளர் பண்ணைக்கே வருவார். குஞ்சு எங்கே வாங்கியது, எவ்வளவு தீனி, என்ன மருந்து என்று பதிவேடுகளைப் புரட்டுவார். வெளியேறும் நீரின் பரிசோதனை முடிவுகளைக் கேட்பார். தொழிலாளர்களிடம் கூலி, வேலை நேரம் பற்றிப் பேசுவார். அலையாத்திக் காட்டை அழித்து 1999 மே மாதத்துக்குப் பிறகு வெட்டிய குளம் என்றால் சான்று கிடையாது. சுற்றியுள்ள மக்களுக்கு என்ன பாதிப்பு என்ற மதிப்பீடும் கட்டாயம். நாகப்பட்டினம் கிராமங்கள் அன்று எழுப்பிய கேள்வி, இன்று ஒரு படிவத்தின் பகுதி!

பெரிய குறை இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் சான்று. சின்னக் குறைக்கு அவகாசம் தருவார்கள். அதன் பிறகும் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு.

ஓட்டை எங்கே?

தணிக்கைக் கட்டணத்தைக் கட்டுவது பண்ணைதான். சோதிப்பவருக்குச் சம்பளம் சோதிக்கப்படுபவரிடமிருந்து போகிறது என்ற விமர்சனம் இதனால்தான் ஓயவில்லை. இரண்டு ஏக்கர் குளம் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் சிறு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து குழுச் சான்று எடுக்கும் முறை இருக்கிறது. ஒருவர் தப்பு செய்தால் குழுவுக்கே சிக்கல் என்பதால் ஒருவரை ஒருவர் கவனிப்பார்கள்.

கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் ‘ஷபாரி’ என்ற பெயரில் ஆன்டிபயாட்டிக் இல்லாத இறாலுக்கான சான்றுத் திட்டத்தை 2020-ல் அறிவித்தது. இதுவும் விருப்பத் திட்டம்தான்.

குப்பத்துக்கு இதில் என்ன?

முத்திரை பெரும்பாலும் ஏற்றுமதி பாக்கெட்டோடு கப்பல் ஏறிவிடுகிறது. உள்ளூர்ச் சந்தையில் ஐஸ் பெட்டியிலிருந்து அள்ளித் தரும் வனாமியில் எந்தப் பண்ணை என்ற அடையாளம் இருக்காது.

இன்னொரு தொடர்பும் உண்டு. இறால் தீனியில் மீன்தூள் முக்கியப் பொருள். அது கடலில் பிடிக்கும் சின்ன மீன்களை அரைத்துச் செய்வது. ஃபைபர் படகில் போய் மத்தி, நெத்திலிக்கு வலை போடும் மீனவர் நம்பியிருப்பதும் அதே கடலைத்தான். அதனால்தான் ஏ.எஸ்.சி தணிக்கையில் குளத்தோடு நிறுத்தாமல், தீனிக்கான மீன் எந்தக் கடலில், எப்படிப் பிடிக்கப்பட்டது என்ற ஆவணத்தையும் கேட்கிறார்கள்.