கோல் (யுனிக்ஸ் கட்டளை)

சி-ஓ-எல் என எழுதப்படும் இச்சிறு நிரல், முனையக் கட்டுப்பாட்டுக் குறிகள் கலந்த உரையைப் படிக்கத்தக்க வெறும் வரிகளாக மாற்றித் தரும் வடிகட்டி. யுனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே (1975) வந்துவிட்டது. காகிதத்தில் அச்சடித்த முனையங்களில் எழுத்தைத் தடிப்பாக்க, அதை அடித்து, ஓரிடம் பின்வாங்கி, அதன்மேலேயே மறுபடி அடிப்பது வழக்கம். இம்முறையில் தடிப்பாக்கிய கையேட்டுப் பக்கத்தைக் கோப்பில் சேமித்தால் ஆஸ்கி 8 எனும் பின்னகர்வுக் குறியும் ஒட்டிக்கொள்ளும். தொகுப்பியில் திறந்தால் எழுத்துகள் இரட்டித்து, நடுவே அக்குறி ^எச் என நிற்கும். ‘-பி’ தெரிவு ஒரே கட்டத்தில் விழுந்தவற்றுள் கடைசி எழுத்தை மட்டுமே விட்டுவைக்கிறது. வரியை மேலேற்றும் குறிகளையும் கோல் சரிக்கட்டும். தமிழில்தான் சிக்கல். ‘கி’ கண்ணுக்கு ஓரெழுத்து. யூனிகோடில் இரு குறிகள், யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட்டுகள். பைட்டுக்கு ஒரு கட்டமென எண்ணும் கருவியில் தமிழ் வரியின் சீரமைப்பு குலைந்துபோகும்.