திருப்போரூர்: கோயில் ஊரிலிருந்து புறநகர் வரை

திருப்போரூர், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள பேரூராட்சி ஆகும். இது வட்டத்திற்கும் ஊராட்சி ஒன்றியத்திற்கும் தலைமையிடம். சென்னை அடையாறிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய மகாபலிபுரம் சாலையும் செங்கல்பட்டிலிருந்து வரும் சாலையும் இங்குச் சந்திக்கின்றன. ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் அதைத் தாண்டி வங்கக் கடலும் உள்ளன; மேற்கே ஏரிப் பாசனக் கிராமங்கள்.

பெயர்க் காரணம்

முருகன் அசுரர்களோடு திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், இங்கு விண்ணிலும் போரிட்டதாகத் தலபுராண மரபு கூறுகிறது. போர் நடந்த ஊர் என்பதால் போரூர் எனப்பட்டது. சமராபுரி, யுத்தபுரி என்னும் வடமொழிப் பெயர்களும் இதே பொருள் கொண்டவை.

கந்தசாமி கோயிலும் சிதம்பர சுவாமிகளும்

இன்றுள்ள கோயிலின் வரலாறு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிதம்பர சுவாமிகளோடு தொடங்குகிறது. இவர் விருத்தாசலம் குமாரதேவரின் மாணவர். மதுரையிலிருந்து வந்த இவர், பனங்காட்டில் மறைந்திருந்த முருகன் திருவுருவைக் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்பது மரபு. முன்பு ஆறு முறை அழிந்த கோயிலை ஏழாம் முறையாக இவர் கட்டினார் என்றும் சொல்வர். மூலவர் சுயம்பு என்பதால் அபிஷேகம் செய்வதில்லை, புனுகு சாத்துவர். சிதம்பர சுவாமிகள் பாடிய திருப்போரூர்ச் சந்நிதி முறை 726 பாடல்கள் கொண்டது. அவரது மடம் ஊரை ஒட்டிய கண்ணகப்பட்டில் உள்ளது. ஆண்டுதோறும் வைகாசி விசாகத்தில் குருபூசை நடைபெறுகிறது. மாசிப் பெருவிழாவும் கந்தசஷ்டியும் கோயிலின் முதன்மையான விழாக்கள்.

சாலையும் மக்களும்

நெல் வேளாண்மையும் கோயில் வணிகமுமே நெடுங்காலம் ஊரின் வாழ்வாதாரம். வடகிழக்கே கோவளம், கேளம்பாக்கம் பகுதியில் உப்பளங்கள் இருந்தன. 1996இல் களவாக்கத்தில் தொடங்கப்பட்ட எஸ். எஸ். என். பொறியியல் கல்லூரி, ஆலத்தூர் தொழிற்பேட்டையின் மருந்து ஆலைகள், சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஆகியவை இப்பகுதியை மாற்றின. பழைய மகாபலிபுரம் சாலை சிறுசேரி வரை ஆறு வழிச் சாலையாக விரிவாக்கப்பட்டு ராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்ற பின், வேலைக்காக வந்தவர்களின் குடியிருப்புகள் தெற்கு நோக்கிப் பெருகின.

இந்த வளர்ச்சியும் உள்ளாட்சி அமைப்பும் ஒரே வேகத்தில் செல்லவில்லை. நாவலூர், படூர், கேளம்பாக்கம் போன்ற அடுக்குமாடிப் பகுதிகள் நிர்வாகத்தில் திருப்போரூர் ஒன்றியத்தின் கிராம ஊராட்சிகளாகவே நீடித்தன. குப்பை, கழிவுநீர், குடிநீர் என மாநகர அளவிலான தேவைகளைச் சிற்றூர் நிதியைக் கொண்டு சமாளிக்க வேண்டிய நிலை உருவானது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்போரூரும் புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது.

முன்பு தனித் தொகுதியாக இருந்த திருப்போரூர் சட்டமன்றத் தொகுதி, மறுசீரமைப்புக்குப் பின் 2011 தேர்தலில் பொதுத் தொகுதியானது. 2021இல் இங்கு விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் எஸ். எஸ். பாலாஜி வென்றார்.

நீர்நிலைகள்

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம் எனப்படுவதற்குத் தையூர், மானாமதி ஏரிகள் சான்று. மழைக்காலத்தில் ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் சென்று, இறுதியில் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தாலோ அவற்றின் மேல் மனைகள் எழுந்தாலோ இந்தத் தொடர் அறுந்து, மழைநீர் குடியிருப்புகளில் தேங்கும்.

இதே பகுதியையே சென்னை தன் குடிநீருக்கும் நம்பியுள்ளது. திருப்போரூருக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள நெம்மேலியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இலும், 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றொன்று 2024இலும் திறக்கப்பட்டன. திருப்போரூர் அருகே கோவளம் உபவடிநிலத்தில் 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் எனத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. உவர்நீர்க் கழியை நன்னீர்த் தேக்கமாக்கினால் மீன்வளம் குறையும் என்று அங்குள்ள மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர்.

திருவிழாக் கூட்டத்திற்காக அமைந்த தெருக்களில் இன்று நாள்தோறும் புறநகர்ப் போக்குவரத்து ஓடுகிறது. இவ்வூர் மேலும் வளர்வது உறுதி. அந்த வளர்ச்சியை ஊர் தாங்குமா என்பது, ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைப் பொறுத்தது.