ஜியோஜீப்ரா

ஜியோஜீப்ரா என்பது வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைத்துக் கற்பிக்க உதவும் கணித மென்பொருள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர், சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வின்போது 2001-இல் இதை உருவாக்கத் தொடங்கினார். 2002-இல் ஐரோப்பியக் கல்வி மென்பொருள் விருது கிடைத்தது. 2021-இல் இந்திய நிறுவனமான பைஜூஸ் இதை வாங்கியது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

வடிவங்களைத் திரையில் அசைத்துப் பார்க்கும் மென்பொருள்கள் முன்பே இருந்தன. பிரான்சில் 1980-களில் பிறந்த கேப்ரி, அமெரிக்காவில் 1991-இல் வெளியான ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் ஆகியவை முன்னோடிகள். ஜியோஜீப்ராவின் தனிச்சிறப்பு, படமும் சமன்பாடும் அருகருகே நிற்பதுதான். வட்டத்தை நகர்த்தினால் அதன் சமன்பாடு மாறும். சமன்பாட்டைத் திருத்தினால் வட்டம் நகரும். y = ax² என்று எழுதி, a-வின் மதிப்பை ஸ்லைடரால் மெல்லக் குறைத்தால் பரவளையம் அகன்றுகொண்டே வந்து, a பூச்சியமாகும் கணத்தில் x அச்சோடு படிந்து, பிறகு கீழ்நோக்கித் திறக்கும். கரும்பலகையில் மூன்று தனித்தனிப் படங்களாக வரைய வேண்டியதை இங்கே ஒரே ஓட்டமாகக் காணலாம்.

இம்மென்பொருளின் உயிர்நாடி 'இழுத்துப் பார்த்தல்'. கண்ணளவில் நான்கு கோடுகளைப் பொருத்தி ஒரு மாணவி சதுரம் வரைகிறாள் என்று கொள்வோம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தவுடன் அது கோணலாகிவிடும். செங்குத்துக் கோடும் வட்டமும் கொண்டு முறைப்படி அமைத்த சதுரமோ, எந்தப் பக்கம் இழுத்தாலும் பெரிதாகும், சாயும், சுழலும், சதுரமாகவே இருக்கும். சதுரத்தின் வரையறையை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைக்கும், அது எதற்காக என்பது இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

அதே இழுப்பு புதிய ஊகங்களையும் தருகிறது. ஏதேனும் ஒரு நாற்கரத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் கிடைக்கும். பியர் வரிஞோன் கண்ட இத்தேற்றம் 1731-இல் அச்சேறியது. திரையில் நாற்கரத்தை எப்படிக் குலைத்தாலும் உள்ளே இருக்கும் இணைகரம் குலைவதில்லை. ஆனால் ஆயிரம் முறை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. ஒரு மூலைவிட்டத்தை வரைந்து, இருபுற முக்கோணங்களிலும் நடுப்புள்ளித் தேற்றத்தைப் பொருத்தினால்தான் காரணம் தெரியும். அந்த மூலைவிட்டத்தை வரையச் சொல்லாமல் வகுப்பை முடிப்பது இக்கருவிக்குச் செய்யும் அநீதி.

கைவேலையோடு சேரும்போது ஜியோஜீப்ராவின் பயன் பெருகுகிறது. தாள் மடிப்பு இதற்கு நல்ல துணை. சென்னை மாகாண வருவாய்த் துறையில் பணியாற்றிய தி. சுந்தர ராவ், தாளை மடித்தே வடிவியல் கற்கும் முறையை ஓர் ஆங்கில நூலாக 1893-இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் எடுத்துக்காட்டிய பின் வெளிநாடுகளிலும் அது பரவலாக அறியப்பட்டது. தாளின் கீழ்விளிம்புக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்து, விளிம்பின் வெவ்வேறு இடங்கள் அப்புள்ளியின் மேல் படியுமாறு இருபது முப்பது முறை மடித்துப் பிரித்தால், மடிப்புக்கோடுகளுக்கு நடுவே பரவளையம் எழும். ஒவ்வொரு மடிப்பும் அதற்கு ஒரு தொடுகோடு. இதையே திரையில் செய்ய, ஒரு கோட்டின் மேல் நகரும் புள்ளியையும் ஒரு நிலைப்புள்ளியையும் இணைத்து, அந்த இணைப்புத் துண்டின் மையக்குத்துக்கோட்டுக்குச் சுவடு பதிக்கும் வசதியை இயக்கினால் போதும். மடித்த கைக்கு, மடிப்பு ஏன் மையக்குத்துக்கோடாகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேரள அரசுப் பள்ளிகள் ஜியோஜீப்ராவைக் கணித வகுப்பில் பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டக் கணித நூல்களிலும் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதி, விரைவுக் குறியீட்டின் வழியே ஜியோஜீப்ரா பக்கங்களுக்கு அழைத்துச் செல்கிறது. அவற்றில் படம் ஆயத்தமாக இருக்கும். மாணவர் ஸ்லைடரை நகர்த்தி விடையைச் சரிபார்ப்பார். வெற்றுத் திரையில் முதல் புள்ளியிலிருந்து தாமே அமைக்கும் பயிற்சியை அதோடு சேர்க்க, ஆசிரியருக்குக் கூடுதலாக ஒரு பாடவேளை தேவைப்படும்.