குளியல் தொட்டியில் ஒரு கையொப்பம்

1975 டிசம்பர் 10ஆம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேட்டில் அபு ஆபிரகாம் வரைந்த கருத்துப்படம் ஒன்று வெளிவந்தது. குடியரசுத் தலைவர் ஃபக்ருத்தீன் அலீ அஹ்மத் குளியல் தொட்டியில் அமர்ந்திருக்கிறார். கதவருகே நீளும் கையிடம் கையொப்பமிட்ட தாளைக் கொடுத்தவாறே, மேலும் அவசரச் சட்டங்கள் இருந்தால் காத்திருக்கச் சொல்லுமாறு கூறுகிறார். பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டு அன்று இரண்டே நாள்கள் ஆகியிருந்தன.

இந்த நகைப்புக்குப் பின்னால் சிறைகள் இருந்தன. காரணம் தெரிவிக்காமலேயே ஒருவரைக் காவலில் வைக்க வழிசெய்த மிசா திருத்தமும் 1975 ஜூன் 29இல் அவசரச் சட்டமாகவே வந்தது. நெருக்கடி நிலையின்போது 1,10,000க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டதாக ஷா ஆணையம் பதிவுசெய்தது. தடைசெய்யப்பட்ட அமைப்புகளுள் ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தும் ஒன்று.

அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பதே குடியரசுத் தலைவரின் கடமை. அவரைக் குறைகூறுவது முறையா எனச் சிலர் வினவுவர். ஆனால் ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் அவர் கையொப்பமிட்டபோது அமைச்சரவை கூடவே இல்லை. மறுநாள் காலையில்தான் கூடியது. அமைச்சரவை இசைந்ததா என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. அக்கேள்வி எழவில்லை.

விருதுநகர் ஈன்ற காமராசர், ஜெயப்பிரகாஷ் நாராயண் காவலில் இருக்கையிலேயே, அக்டோபர் 2இல் காலமானார். தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி நீடித்தவரை ஓரளவு பாதுகாப்பு இருந்தது. 1976 ஜனவரி 31இல் குடியரசுத் தலைவரின் ஆணையால் அவ்வாட்சியும் கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டனர். அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977இல் உயிர்நீத்தார். அக்கொடுமைகளை விசாரித்து அறிக்கையளித்தவர், நாகூர் தந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல்.

இருவரும் முஸ்லிம்கள், இருவர் கையிலும் பேனா இருந்தது. ஒருவர் கேளாமல் ஒப்பமிட்டார். மற்றவர் கேட்டறிந்து எழுதினார். பதவி அமானிதம் என்பது நம் மார்க்கம் போதித்த நெறி. அப்பாஸிய கலீஃபா மன்சூர் அளித்த நீதிபதிப் பதவியை மறுத்துச் சிறையேகிய இமாம் அபூஹனீஃபாவின் வரலாறு நமக்குப் புதிதன்று. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தாலன்றி நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யலாகாது என 1978இல் 44ஆவது திருத்தம் விதித்தது. கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியைச் சட்டமே பின்னர் கேட்க நேர்ந்தது.