கபச்சுரப்பிக் கழலையும் நாசிவழிச் சத்திரசிகிச்சையும்

மூளையின் அடியிலே, மூக்கின் பின்னமைந்த எலும்புக் குழியொன்றில் கடலையளவாக இருப்பது கபச்சுரப்பி. அதிலே தோன்றும் கழலை பெருத்து மேலெழுமாயின், ஆங்கு ஒன்றையொன்று குறுக்கிடும் பார்வை நரம்புகளை நெரிக்கும். இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வை முதலில் மங்கும். இக்கழலையை அகற்றும் முயற்சியின் வரலாறு, நல்வழியொன்று கைவிடப்பட்டு மீண்டும் மேற்கொள்ளப்பட்ட வரலாறாகும்.

மண்டையோட்டைத் திறந்து மூளையை உயர்த்திச் செல்வதே முதல் வழி. இலண்டனிலே விக்டர் ஹோர்ஸ்லி 1889ஆம் ஆண்டில் இதனைக் கைக்கொண்டார். ஆயின் அது பேராபத்துடையதாயிருந்தது. 1907ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலே ஹெர்மன் ஷ்லொபர் மூக்கின் வழியாகச் சென்று கழலையை அகற்ற முயன்றார். நோயாளி சிகிச்சையைத் தாங்கினாரெனினும், இரண்டரை மாதங்களின் பின் இறந்தார். கழலையின் பெரும்பகுதி உள்ளே எஞ்சியிருந்தமை பிணப் பரிசோதனையிற் புலனாயிற்று. வழி கிடைத்தது, வழியில் ஒளி இல்லை.

அமெரிக்கரான ஹார்வி குஷிங், மேலுதட்டின் உட்புறத்தே கீறிச் செல்லுமாறு அவ்வழியைத் திருத்தியமைத்தார். 1910 முதல் 1925 வரை 231 நோயாளருக்கு அவர் இவ்வாறு சிகிச்சை செய்தார்; இறந்தோர் நூற்றுக்கு 5.6 வீதத்தினரே. பெனிசிலினும் கோட்டிசோனும் இல்லாத அக்காலத்தில் இது வியத்தற்குரியது. எனினும், மேனோக்கி வளர்ந்த பெருங்கழலையை நேரே கண்டு பார்வை நரம்பை விடுவித்தற்கு மண்டையோட்டு வழியே சிறந்ததெனக் கருதி, அவர் பின்னர் நாசிவழியை விட்டொழிந்தார். ஆசான் விட்டதைப் பலரும் விட்டனர்.

விடாதார் சிலரே. குஷிங்கிடம் பயின்ற நோர்மன் டொட் எடின்பரோவிலே அம்முறையைப் பேணினார். 1956இல் அதனை அவரிடங் கண்ட ஜெரார் கியோ பாரிசிலே அதற்குப் புத்துயிரளித்தார். கியோவிடம் பயின்ற கனடா நாட்டு ஜூல் ஆர்டி, 1960களில் நுணுக்குக்காட்டியைப் புகுத்தினார். ஒளியும் உருப்பெருக்கமும் கிடைக்கவே, சுரப்பியின் நல்ல பகுதியையும் கழலையையும் பிரித்தறிதல் கைகூடிற்று. 1990களில் மெல்லிய உள்நோக்குக் குழாய் மூலைகளையுங் காட்டிற்று.

இன்று பெருங்கழலைகளும் பெரும்பாலும் நாசிவழியே அகற்றப்படுகின்றன. நெரிவு நீங்கியபின் பலருக்குப் பார்வை தேறுகின்றது. ஆயினும் நான்கு சதமமீற்றரைக் கடந்து, பக்கத்துக் குருதிக்குடாவினுட் புகுந்த கழலையை முற்றாக அகற்றல் இன்றும் அரிது. எஞ்சியதைக் கதிர்ச் சிகிச்சையாலோ மருந்தாலோ அடக்க முயல்வர்; வேண்டாவிடத்து அதனைக் கண்காணித்திருப்பர். குஷிங் கண்ட குறை பொய்யன்று. அது வழியின் குறையன்று, கருவியின் குறை என்பதே பின்னோர் கண்ட உண்மை.