எழுதாத வாக்கு

வேலைக்கு எடுத்துக்கொண்ட ஒருவனை, அவன் திருடாமலும் வேலையை வேண்டுமென்றே கெடுக்காமலும் இருக்கும் வரையில், வியாபாரம் மந்தமாயிற்று என்ற காரணத்துக்காக மட்டும் வெளியே அனுப்புவதில்லை என்று எந்த முதலாளியாவது நடந்துகொண்டதுண்டா? தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நம்மவர் இக்கேள்வியைக் கேட்டால் நகைப்பர். ஆயினும் அப்படிப்பட்ட கம்பெனி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. ஓராண்டு ஈராண்டு அல்ல. ஏறக்குறைய எழுபது ஆண்டுக் காலம் அவ்வாறு இருந்தது. அதன் பெயர் இன்டர்நேஷனல் பிஸினஸ் மெஷின்ஸ். ஐ.பி.எம். என்றால் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அக்கம்பெனி தன் வாக்கைக் காத்த வரலாறும், பின்னர் அதைக் கைவிட்ட வரலாறும் சம்பளம் வாங்கி உண்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவை. தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணியாகிய எனக்கு இக்கதையில் தனி அக்கறை உண்டு. அது ஏன் என்பது போகப் போக விளங்கும்.

இவ்வழக்கத்தை ஏற்படுத்தியவர் தாமஸ் வாட்ஸன் என்பவர். வேடிக்கை என்னவென்றால், அவரே வேலையிலிருந்து துரத்தப்பட்டவர். ஒஹாயோ மாகாணத்தில் டேட்டன் என்னும் ஊரில், கடைகளுக்குரிய பணப்பெட்டி இயந்திரம் செய்யும் பெரிய கம்பெனியில் பல ஆண்டு உழைத்து உயர்ந்தவர் அவர். போட்டிக் கம்பெனிகளை அழிக்கச் சதி செய்தார்கள் என்று முதலாளி முதல் கீழ் அதிகாரிகள் வரை பலர் மீது வழக்கு நடந்தது. 1913-இல் வாட்ஸனும் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு பின்னர் மேல் நீதிமன்றத்தில் தள்ளப்பட்டது. முதலாளிக்காக வழக்கில் மாட்டிக்கொண்ட அந்த மனிதரை அதே முதலாளி சிறிது காலத்தில் வெளியே அனுப்பிவிட்டார். கைக்குழந்தையோடு வேலை தேடி அலைந்த வாட்ஸன், 1914-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சிறு கம்பெனியில் அமர்ந்தார். தராசும், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கெடுக்கும் பொறியும், தொழிலாளி எத்தனை மணிக்கு வந்தான் போனான் என்று பதியும் கடிகாரமும் செய்வது அக்கம்பெனியின் தொழில். 1924-இல் அதற்கு ஐ.பி.எம். என்று பெயரிட்டவர் வாட்ஸனே.

கம்பெனியின் முதன்மையான தொழிற்சாலை நியூயார்க் மாகாணத்தில் எண்டிகாட் என்னும் சிற்றூரில் இருந்தது. அவ்வூரில் ஏற்கனவே ஜார்ஜ் ஜான்ஸன் என்னும் செருப்புத் தொழிலதிபர் தம் தொழிலாளருக்கு வீடும் வைத்தியமும் பூங்காவும் அமைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கியிருந்தார். வாட்ஸன் அதை அருகிருந்து பார்த்தவர்.

1929-இல் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் வந்தது. நம் பாட்டன் பூட்டன் கதையில் அந்த ஆண்டுகள் எப்படி நினைவில் நிற்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் விலை விழுந்ததும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகளில் எண்டிகாட்டில் வாட்ஸன் தொழிற்சாலையை நிறுத்தவில்லை. வாங்குவோர் இல்லாத காலத்திலும் இயந்திரங்களையும் உதிரிப் பாகங்களையும் செய்து கிடங்கில் அடுக்கினார். 1932-இல் பத்து லட்சம் டாலர் செலவில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கும் ஏற்பாடு செய்தார். பைத்தியக்காரத்தனம் என்றனர் பலர். 1935-இல் அமெரிக்க அரசாங்கம் முதியோர் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட தொழிலாளரின் சம்பளக் கணக்கை எழுதி வைக்கும் பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. அவ்வளவு பொறிகளை உடனே கொடுக்க வல்லவராயிருந்தவர் வாட்ஸன் ஒருவரே.

அவ்வாண்டுகளிலேதான் துண்டு வேலைக்குத் துண்டுக் கூலி என்ற முறை 1934-இல் அங்கு ஒழிந்தது. அதே ஆண்டில் தொழிலாளருக்கு ஆயுள் இன்ஷியூரன்ஸ் கிடைத்தது; 1937-இல் சம்பளத்துடன் விடுமுறை வந்தது. 1958-இல் மணிக்கூலியும் எடுக்கப்பட்டு, தொழிற்சாலை வேலையாள் முதல் அதிகாரி வரை எல்லோரும் மாதச் சம்பளக்காரர் ஆயினர். தொழிலாளியின் வருகை நேரத்தைப் பதியும் கடிகாரத் தொழிலைக் கம்பெனி விற்றுத் தொலைத்ததும் அந்த 1958-ஆம் ஆண்டிலேதான்!

இவையனைத்தும் ஒரு மனிதரின் நல்ல குணத்தால் வந்தவை என்று எழுதுவோர் உளர். குணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தையே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. ஐ.பி.எம். தன் இயந்திரங்களை விற்கவில்லை, வாடகைக்கு விட்டது. மந்தம் வந்தால் புதிய இயந்திரம் எடுப்போர் குறைவர். ஆனால் ஏற்கனவே எடுத்தவர்கள் கணக்கெழுதுவதை நிறுத்திவிட முடியுமா? மாதந்தோறும் வாடகை வந்துகொண்டே இருந்தது. இயந்திரம் தின்னும் அட்டைகளையும் கம்பெனியே விற்றது. தன் அட்டைகளைத்தான் வாங்க வேண்டும் என்று வாடிக்கைக்காரரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என 1936-இல் உச்ச நீதிமன்றம் தடுக்கும் அளவுக்கு அது கொழுத்த வியாபாரம். ரப்பர் தோட்டமோ அன்றன்றைய விலைக்குப் பாலை விற்று வாழ்வது. விலை விழுந்த மாதமே செக்ரோலில் பெயர்கள் குறையும். ஐ.பி.எம். தொழிலாளியின் வேலை நிலைத்ததற்கு அடியில் இருந்த கல் அந்த மாத வாடகை. வாட்ஸனுக்கும் அதில் நஷ்டமில்லை. 1930-களில் பத்திரிகைகள் அவரை 'நாளுக்கு ஆயிரம் டாலர் மனிதர்' என்று அழைத்தன.

அந்த நிலைத்த வேலைக்குத் தொழிலாளர் கொடுத்த விலையும் உண்டு. வெள்ளைச் சட்டையும் கருநிற உடையும் அணிய வேண்டும். கூட்டங்களில் கம்பெனியையும் தலைவரையும் புகழ்ந்து பாட்டுப் பாட வேண்டும். அதற்கென்றே பாட்டுப் புத்தகம் அச்சிடப்பட்டிருந்தது. (கடவுளுக்குப் பஜனை பாடுவதை நாம் கேலி செய்கிறோம், முதலாளிக்குப் பஜனை பாடியவர்களை என்னென்பது!) ஓரிடத்தில் வேலை குறைந்தால் ஆளை நீக்காமல் வேறு ஊருக்கு அனுப்பினர், வேறு தொழில் கற்பித்தனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடும்பத்தோடு ஊர் ஊராய்ப் பெயர்ந்த ஊழியர், ஐ.பி.எம். என்ற மூன்று எழுத்துக்கு 'என்னை இடம் மாற்றிவிட்டார்கள்' என்று பொருள் சொல்லித் தமக்குள் சிரித்துக்கொண்டனர். எல்லாவற்றிலும் பெரியது, அமெரிக்காவில் அக்கம்பெனித் தொழிலாளர் சங்கம் சேரவில்லை என்பது. சேர்ந்தால் தண்டனை என்று அஞ்சியதால் மட்டுமன்று. எதற்காகச் சேர வேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே எண்ணினர்.

வேலையிலிருந்து நீக்கமாட்டோம் என்ற வாக்கு எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. கம்பெனியார் அதை 'வழக்கம்' என்றே குறிப்பிட்டனர். இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வாசகர் பொறுத்தருள்க. நான் முன்பு வேலை பார்த்த தோட்டம் வீட்டுமனைக்காக விற்கப்பட்டது. ஆட்களுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவன் நான். முப்பது வருஷம் மரம் வெட்டிய கிழவி ஒருத்தி ஆபீஸ் வாசலில் நின்று, "கிராணி ஐயா, பழைய துரை இந்த வீட்டிலேயே சாகிற வரைக்கும் இரு என்று சொன்னாரே, அது எந்தத் தாளில் இருக்குது, கொஞ்சம் பாருங்க" என்றாள். நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இராது என்று தெரிந்தேதான் பார்த்தேன். ஆட்குறைப்புக்கு நம் நாட்டுச் சட்டம் 1980 முதல் விதித்திருக்கும் தொகை, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர்க்கு வருஷத்துக்கு இருபது நாள் சம்பளம், அவளுக்குக் கிடைத்தது; அது தாளில் இருந்தது. வீடு கிடைக்கவில்லை.

இனி ஐ.பி.எம்.முக்கு வருவோம். வாட்ஸன் 1956-இல் இறந்தார். அதே ஆண்டில் அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி இயந்திரங்களை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் கம்பெனி இணங்க வேண்டியதாயிற்று. எனினும் பெரும்பாலோர் வாடகைக்கே எடுத்து வந்தனர். அவர் மகன் காலத்தில், 1964-இல் வெளிவந்த புதிய கணிப்பொறி வரிசை கம்பெனியை உலகின் உச்சிக்கு ஏற்றியது. 1980-களின் தொடக்கத்தில் தலைவர்கள் ஒரு முடிவு செய்தனர்: வாடகையைக் குறைத்து விற்பனையைப் பெருக்குவோம். சில ஆண்டுகள் பணம் வெள்ளமாய் வந்தது. பல ஆண்டு வாடகையை ஒரே நாளில் வாங்கிக்கொண்டால் வராதா? 1985-இல் ஊழியர் தொகை 405,000 ஆயிற்று. அதற்குள் மேசை மேல் வைக்கும் சிறு கணிப்பொறிகள் பெருகின. பெரிய பொறிகளின் விலை சரிந்தது. 1981-இல் ஐ.பி.எம். தானே வெளியிட்ட சிறு கணிப்பொறிக்கு உள்ளுயிராக இருந்தவை இன்டெல், மைக்ரோஸாஃப்ட் என்னும் பிறருடைய பொருள்கள். ஆதாயமும் நாளடைவில் அவர்கள் பக்கமே சென்றது. அடியில் இருந்த கல்லை முன்பே விற்றுவிட்டவர்களுக்கு மழை வந்தபோது சுவர் நிற்கவில்லை.

முதலில் நயமாகவே தொடங்கினர். தாமே விலகுவோருக்கு இவ்வளவு தொகை என்றனர். பல்லாயிரம் பேர் பெற்றுக்கொண்டு போயினர். 1992-இல் நஷ்டம் ஏறக்குறைய 500 கோடி டாலர். 1993-ஆம் ஆண்டு தொடக்கத்தில், நீக்கமாட்டோம் என்ற வழக்கம் முடிந்தது. ஹட்ஸன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பொகிப்ஸி, கிங்ஸ்டன் முதலிய ஊர்களில் தகப்பனும் மகனுமாக அதே கம்பெனியில் உழைத்த குடும்பங்கள் இருந்தன. அவ்வூர்களில் வேலை போனவர் தம் வீட்டை விற்கப் பார்த்தால் வாங்குவோரும் இல்லை, ஏனெனில் வாங்கக் கூடியவர்களும் அதே கம்பெனிக்காரரே. ஏப்ரல் மாதத்தில் லூயிஸ் கெர்ஸ்ட்னர் என்பவர் வெளியிலிருந்து தலைவராக வந்தார். ஜூலையில் இன்னும் 35,000 இடங்கள் குறைக்கப்படும் என்று அறிவித்தார். அவ்வாண்டு நஷ்டம் 800 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டே கம்பெனி ஆதாயம் கண்டது; ஊழியர் தொகை ஏறக்குறைய 220,000 ஆக இறங்கியிருந்தது. கெர்ஸ்ட்னர் கம்பெனியைப் பிழைக்க வைத்தார் என்பதை மறுப்பதற்கில்லை. கம்பெனியே அழிந்திருந்தால் மிஞ்சிய 220,000 பேருக்கும் வேலை இராது. ஆயினும் பிழைத்த பின்னும் பழைய வழக்கம் திரும்பவில்லை.

நீக்கத்துக்குப் புதுப் பெயர்களும் பிறந்தன. அவற்றுள் ஒன்று 'வள நடவடிக்கை'. வளம் என்றால் மனிதன். நடவடிக்கை என்றால் வெளியே போ என்பது!

1999-இல் உபகாரச் சம்பளத் திட்டத்தில் கை வைத்தனர். பழைய திட்டத்தில் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் ஆண்டுகளிலேதான் தொகை வேகமாக வளரும். புதியதில் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேரும். ஆகவே இருபது ஆண்டு உழைத்து அந்த வளர்ச்சியின் வாயிலில் நின்ற நடுவயதினரே அதிகம் இழந்தனர். அவர்கள் கொதித்தெழுந்தனர், விஷயம் அமெரிக்கப் பாராளுமன்றம் வரை சென்றது. நாற்பது வயதாகிப் பத்தாண்டு உழைத்தவர் பழைய திட்டத்திலேயே இருக்கலாம் என்று கம்பெனி இறங்கி வந்தது. அவ்வாண்டிலேதான் ஊழியர் சிலர் சங்கம் ஒன்று அமைத்தனர். எவ்வளவு காலங்கடந்த காரியம்! பெரும்பாலோர் சேரவில்லை, 2016-இல் அது மூடப்பட்டது. 2020-இல் அமெரிக்க அரசாங்கத்தின் சம வேலைவாய்ப்பு ஆணையம், 2013 முதல் 2018 வரை முதிய ஊழியரை விலக்கி இளையோருக்கு இடம் செய்யும் வழி மேலிடத்திலிருந்தே வகுக்கப்பட்டதாகக் கருதக் காரணம் உண்டு என்று கண்டது. கம்பெனி அதை மறுத்தது.

அமெரிக்காவில் குறைந்த வேலைகளில் ஒரு பகுதி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறிய ஐ.பி.எம். 1992-இல் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து மீண்டும் வந்தது. 2017-இல் அமெரிக்காவில் உள்ளதைவிட இந்தியாவிலேயே அதற்கு ஊழியர் அதிகம் என்று நியூயார்க் பத்திரிகை ஒன்று எழுதியது. பெங்களூரிலும் சென்னையிலும் அந்த நாற்காலிகளில் அமர்ந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. வேலை தேடிக் கடல் கடந்து வந்த கூலிகளின் பேரன் நான். எப்படிக் கோபம் வரும்? அவர்களுக்கு யாரும் வாய்வாக்குக்கூடக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் கவனிக்கிறேன்.

எண்டிகாட் தொழிற்சாலையைக் கம்பெனி 2002-இல் விற்றுவிட்டது. உலோகப் பாகங்களைக் கழுவப் பயன்படுத்திய இரசாயனம் ஆண்டுக்கணக்கில் பூமிக்குள் இறங்கியிருந்ததால், அதன் ஆவி அண்டை வீடுகளுக்குள் ஏறுவது கண்டுபிடிக்கப்பட்டது; நூற்றுக்கணக்கான வீடுகளில் காற்றை வெளியேற்றும் குழாய்கள் பொருத்தப்பட்டன. செருப்புத் தொழிலாளர் தம் முதலாளியைப் போற்றி 1920-இல் கட்டிய வளைவு சாலையின் குறுக்கே இன்றும் நிற்கிறது. 'நியாயமான நடத்தையின் இல்லம்' என்ற பொருள்பட அதன் மேல் எழுதியிருக்கிறது. அந்தச் செருப்புத் தொழிற்சாலைகளும் இப்போது இல்லை.