ஐசோடோப்பு உணவாய்வு

எலும்பு, பல், முடி, நகம் ஆகியவற்றில் தங்கியிருக்கும் தனிமங்களின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதத்தை அளந்து, ஒருவர் உயிரோடிருந்தபோது எவ்வகை உணவை உண்டார் என்று அறியும் முறை. தொல்லியல், மானிடவியல், தடயவியல் ஆகிய துறைகளில் பயன்படுகிறது. கார்பனும் நைட்ரஜனுமே இதில் முதன்மையானவை.

கார்பன்-13 அணு, மிகுதியாகக் கிடைக்கும் கார்பன்-12 அணுவைவிடச் சற்றுக் கனமானது, கதிரியக்கம் இல்லாதது. நெல், கோதுமை, உருளைக்கிழங்கு போன்ற பயிர்கள் ஒளிச்சேர்க்கையின்போது இந்தக் கனமான அணுவைப் பெரிதும் ஒதுக்கிவிடுகின்றன. மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு ஆகியவற்றின் ஒளிச்சேர்க்கை வேறு வகை; அவற்றில் கார்பன்-13 கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே சோற்றில் வளர்ந்த உடலையும் கம்பங்கூழில் வளர்ந்த உடலையும் பிரித்தறியலாம். கம்பா கேழ்வரகா என்று மட்டும் சொல்ல முடியாது. நைட்ரஜன்-15 உணவுச் சங்கிலியில் படிக்குப் படி உயர்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் அது தாயைவிடக் கூடுதலாக இருப்பதால், பால்குடி மறந்த வயதையும் கணிக்கலாம்.

1977-இல் ஜான் ஃபோகலும் நிக்கோலாஸ் வான் டெர் மெர்வேயும் நியூயார்க் மாநிலப் பழங்குடியினரின் எலும்புகளைக் கொண்டு அங்கு மக்காச்சோளம் வந்து சேர்ந்ததைக் காட்டினர். இத்துறை அதிலிருந்தே வேகம் பெற்றது.

எந்தத் திசுவை எடுக்கிறோம் என்பது முக்கியம். எலும்பு பல ஆண்டுகளின் சராசரியைத் தருகிறது. பல்லின் உட்பகுதியான டென்டின் சிறுவயதில் அடுக்கடுக்காக உருவாகி, பிறகு மாறுவதில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால் மாதவாரிக் கணக்கே கிடைத்துவிடும். அர்ஜென்டினாவின் லுல்லையாக்கோ எரிமலை உச்சியில் 1999-இல், இன்கா காலத்தில் பலியிடப்பட்ட மூன்று குழந்தைகளின் உறைந்த உடல்கள் கிடைத்தன. ஏறக்குறைய 13 வயதுச் சிறுமியின் நீண்ட முடி, இறப்பதற்கு ஓராண்டு முன்புவரை எளியோர் உணவையும், அதன்பின் மக்காச்சோளம், இறைச்சி போன்ற உயர்ந்தோர் உணவையும் காட்டியது. பலிக்காகவே அவளை ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்.

இம்முறையின் பெரும்பயன், தம்மைப் பற்றி எதையும் எழுதி வைக்க வாய்ப்பில்லாத எளியவர்களின் வாழ்வை அறிவதில்தான் இருக்கிறது. அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தில் (1845–1852) கில்கெனி நகர ஏழைகள் விடுதியில் இறந்த, குறைந்தது 970 பேரின் புதைகுழிகள் 2005-இல் வெளிப்பட்டன. உருளைக்கிழங்கையே நம்பியிருந்த மக்கள் அவர்கள். நிவாரணமாக அமெரிக்க மக்காச்சோள மாவு வந்தபோது அவர்கள் உடலில் கார்பன்-13 உயர்ந்தது. அது பற்களின் டென்டின் அடுக்குகளில் தெளிவாகப் பதிந்துள்ளது. ஆவணங்கள் சொன்ன நிவாரணம் யார் வாய்க்கு எட்டியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது.

குறைகளும் உண்டு. கடல்மீனும் கார்பன்-13ஐ உயர்த்துவதால் அதை மக்காச்சோளத்தோடு குழப்பிக்கொள்ள நேரலாம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் எலும்பின் கொலாஜன் புரதம் விரைவில் சிதைகிறது. அங்குப் பல்லின் எனாமலே பெரும்பாலும் கைகொடுக்கிறது. பட்டினி கிடப்பவரின் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்வதால் நைட்ரஜன்-15 கூடும். அந்த அளவை மட்டும் பார்த்தால் பட்டினி கிடந்தவரும் இறைச்சி உண்டவர் போலவே தெரிவார். எனவே கார்பன், நைட்ரஜன் இரண்டையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.